கமராவின் கண்

கண்ணுக்கு மணி எவ்வாறோ, கமராவுக்கு வில்லை அவ்வாறாகும். ஒரே கமராவிற் பொருந்தும் இரு வில்லைகளுள் ஒன்று மற்றையதைப்போலப் பத்து மடங்கு விலை பெறுவதைக் கடைகளிற் காண்கின்றோம். தொலைவிலுள்ள பொருளை இரண்டும் ஒரே அளவாகவே காட்டுகின்றன. அங்ஙனமாயின் இவ்விலை வேற்றுமைக்குக் காரணம் யாது? பெயருக்காகப் பெறும் பணமா, பொருளிலும் வேறுபாடு உண்டா? நேயர்களே, இதனைச் சிறிது ஆராய்வோம்.

முதலிற் கருதத்தக்கது ஒளி. வில்லையினுள் ஒளி புகுவதற்கு வாயில் ஒன்றுண்டு. வில்லையின் குவியத்தூரத்தை அவ்வாயிலின் விட்டத்தால் வகுக்க வருவதே எஃப் எண் எனப்படும். எண் சிறிதானால் வாயில் பெரிது. 200 மில்லிமீற்றர் குவியத்தூரமுடைய சாதாரண வில்லை எஃப் 5.6 அளவினதாயின் அதன் வாயில் ஏறத்தாழ 36 மில்லிமீற்றர் விட்டமுடையது. தொழில்முறை வில்லை எஃப் 2.8 அளவினதாயின் அவ்விட்டம் 71 மில்லிமீற்றர். விட்டம் இரு மடங்காகும்போது புகும் ஒளி நான்கு மடங்காகின்றது. ஆகவே, ஒளி குன்றிய மண்டபத்தில் முன்னதற்கு ஒரு செக்கனின் 30இல் ஒரு பங்கு நேரம் வேண்டுமாயின், பின்னதற்கு 120இல் ஒரு பங்கு போதும். தாலி கட்டும் கை ஒரு படத்திற் கலங்கித் தோன்றும். மற்றையதில் தெளிவாக நிற்கும். அக்கணம் மீண்டும் வாராது.

வாயிலைப் பெரிதாக்கினால் மட்டும் போதுமோ எனின், போதாது. கண்ணாடி, நீல ஒளியைச் செவ்வொளியினும் மிகுதியாக வளைக்கும். வில்லையின் ஓரத்தாற் செல்லும் கதிர்களும் நடுவாற் செல்லும் கதிர்களும் ஒரே புள்ளியிற் கூடா. வாயில் விரிய விரிய இக்குறைகளும் பெருகும். இருவகைக் கண்ணாடிகளை இணைத்து நிறப்பிறழ்ச்சியைக் குறைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் ஜோன் டொலொண்ட் 1758இல் காப்புரிமை பெற்றார். வியன்னாவிற் கணிதப் பேராசிரியராயிருந்த ஜோசெப் பெற்ஸ்வால் 1840இல், கணக்கிட்டே, உருவப்படத்துக்கென எஃப் 3.6 அளவிலான வில்லையொன்றை வகுத்தார். 1969இல் கனன் நிறுவனம் செயற்கையாக வளர்த்த புளோரைட்டுப் பளிங்கைத் தொலைநோக்கு வில்லையொன்றிற் பயன்படுத்தியது. இத்தகைய அரிய பொருள்களும், கோளவடிவின் விலகிய பரப்புகளைத் தீட்டும் நுண்ணிய வேலையுமே விலையை உயர்த்துகின்றன.

அடுத்தது பூச்சு. பூச்சற்ற கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும், தன்மேற் படும் ஒளியில் ஏறத்தாழ 100க்கு 4 பங்கைத் திருப்பிவிடும். பத்துத் துண்டுகள் தனித்தனி நிற்கும் வில்லையில் இருபது பரப்புகள் உள. அவற்றைக் கடக்கும் ஒளி பாதிக்கும் குறைவே. திரும்பிய ஒளியோ உள்ளே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். இதனைத் தடுக்கும் மெல்லிய பூச்சுக்கு சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் சுமாகுலா 1935இல் வழி கண்டார். இன்று சாதாரண வில்லைகளுக்கும் பூச்சுண்டு. எனினும், விளக்கையோ சூரியனையோ எதிர்நோக்கி எடுக்கும்போது உயர்ந்த பூச்சின் சிறப்பு விளங்கும்.

உடலமைப்பும் வேறானதே. தொழில்முறை வில்லைகள் பலவற்றில் தூசும் மழைத்துளியும் எளிதிற் புகாதவாறு மூட்டுகளில் இறப்பர் வளையங்கள் இடப்பட்டிருக்கும். ஆயினும், நீரில் அமிழ்த்தத்தக்கவை அவை என எண்ணலாகாது. அவற்றின் பாரமும் மிகுதி.

இனி, மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். நண்பகல் வெளிச்சத்தில், வாயிலை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி எடுத்த இரு படங்களைச் சாதாரண அளவில் அச்சிட்டு அருகருகே வைத்தால், எது எவ்வில்லையால் எடுத்தது எனக் கூறுதல் பெரும்பாலும் அரிது. நல்ல வேளையில் இரண்டும் நன்றே செய்யும். ஒளி குன்றிய வேளையிலும் கைவிடாமைக்கே மிகுவிலை கொடுக்கின்றோம்.

ஆதலால், தொழில் தொடங்கும் இளைஞர் கடன்பட்டு விலையுயர்ந்த வில்லையை வாங்குமுன், தாம் எடுக்கும் படங்களுள் எத்தனை மங்கிய ஒளியில் எடுக்கப்படுவன என எண்ணிப் பார்க்க. சிலவேயாயின், 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லையொன்று போதியதாகலாம். அது தொலைவை அண்மைப்படுத்தாது. ஆனால் குறைந்த விலைக்குக் கிடைப்பது, எஃப் 2.8இனும் இரு மடங்குக்கு மேல் ஒளி தருவது. வேண்டிய நாளுக்கு மட்டும் பெரிய வில்லையை வாடகைக்குப் பெறுவதும் தக்கதே. நாள்தோறும் அத்தகைய படங்களே பிழைப்பாயின், அவ்விலை வீண் செலவாகாது.