உங்க குழந்தையை யார் பாத்துக்கிறாங்க?

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவது பற்றி எழுதச் சொல்லி இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். ரெண்டு பேருமே இப்போ அந்தத் தேடலில் இருக்கிறார்கள். நாங்கள் 2022-ல் பட்ட பாட்டை ஒரு எக்செல் ஷீட்டில் குறித்து வைத்திருந்தேன். (சிரிக்காதீங்க, தொழில் புத்தி.) அதிலிருந்துதான் இந்தக் குறிப்பு.

முதலில் கணக்கு. மகப்பேறு விடுப்பு, 2017 திருத்தத்துக்குப் பிறகு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். பிரசவத்துக்கு முன்னாடி சில வாரங்கள் எடுத்துவிட்டால், அம்மா ஆபீஸ் திரும்பும்போது குழந்தைக்கு ஐந்து மாதம்கூட ஆகியிருக்காது. அதே திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சொல்கிறது. மனைவியின் ஆபீஸில் காப்பகம் இருந்தது. ஒரு வயசு ஆன குழந்தையைத்தான் சேர்ப்போம் என்றார்கள்! ஆக, ஓ.எம்.ஆர். பக்கம் ஆள் தேட ஆரம்பித்தோம்.

ஏஜென்சி வழியாகப் போனோம். ஒரு மாதச் சம்பளம் கமிஷன், ஆள் நின்றுவிட்டால் இரண்டு முறை மாற்றித் தருவார்கள். போட்டோ, ஆதார் நகல், "அஞ்சு வருஷ அனுபவம்" என்று ஒரு வரி, அவ்வளவுதான் வரும். இரண்டு மாதத்தில் மூன்று பேர் வந்து போனார்கள். ஒருவர் நான்காம் நாளே வரவில்லை, போனும் ஸ்விட்ச் ஆஃப். எனக்குக் கோபமான கோபம். "நம்பி குழந்தையைக் கொடுத்தோமே" என்று வீட்டில் ஒரே புலம்பல்.

மூவருக்கும் பிறகு போன் பண்ணி, ஏன் நின்றீர்கள் என்று கேட்டு, ஷீட்டில் ஒரு பத்தி சேர்த்தேன். ஒருவருடைய பையனுக்கு அம்மை. இன்னொருவருடைய மாமியார் ஊருக்குப் போய்விட்டார், வீட்டில் மூன்று வயசுப் பெண்ணைப் பார்க்க ஆள் இல்லை. மூன்றாமவர் பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டு எட்டரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேர முடியவில்லை. மூன்று பேரை வைத்துப் புள்ளிவிவரம் பேசக்கூடாதுதான். ஆனால் மூன்று காரணமும் ஒன்றேதான். அவர்கள் எங்கள் குழந்தையால் போகவில்லை, அவர்கள் குழந்தையால் போனார்கள்.

ஆர்லி ஹாக்‌ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2000-ல் இதற்கு ஒரு பேர் வைத்தார், 'பராமரிப்புச் சங்கிலி' என்று தமிழில் சொல்லலாம். பணக்கார நாட்டுக் குழந்தையைப் பார்க்க ஏழை நாட்டிலிருந்து ஒரு தாய் வருகிறாள், அவள் குழந்தையை இன்னொருத்தி பார்க்கிறாள், இப்படியே கீழே போகும். கடல் தாண்ட வேண்டியதே இல்லை. எங்கள் அபார்ட்மென்டுக்கும் பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்புக்கும் நடுவே ஒரு ஷேர் ஆட்டோ தூரம். நகரத்துக்குள்ளிருந்து அங்கே குடியேற்றப்பட்ட குடும்பங்களில் பல பெண்களுக்குப் பழைய வேலை பஸ் தூரத்தில் போய்விட்டது, பாட்டியும் அத்தையும் பழைய தெருவிலேயே தங்கிவிட்டார்கள்.

நான்காவதாக வந்தவர் வாட்ச்மேன் அண்ணன் சொல்லி வந்தார். இந்த முறை மனைவி முதலில் கேட்டது இதைத்தான்: "உங்க குழந்தைங்களை யார் பாத்துக்கிறாங்க?"

"பெரியவன் ஸ்கூல் விட்டு மூணரைக்கு வந்துடுவான்க்கா. சின்னது பால்வாடில. எதிர்வீட்டு அக்கா கூட்டிட்டு வந்து சோறு போட்டுடும். அந்த அக்கா ஊருக்குப் போச்சுன்னா மட்டும் நான் லீவு போட்டே ஆகணும், இப்பவே சொல்லிடறேன்."

இப்படிச் சொன்னவரை நாலு பேர் வேண்டாம் என்றிருப்பார்கள். எங்களுக்கு இதுதான் வேண்டியிருந்தது. எப்போது, எதனால் வரமாட்டார் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா இல்லாத நாளில் சின்னதைக் கூடவே கூட்டி வரலாம் என்று பேசிக்கொண்டோம். வருஷத்துக்கு ஏழெட்டு நாள் வந்தாள். எங்கள் பொண்ணுக்குத் தவழ்ந்து துரத்த ஆள் கிடைத்தது.

சம்பளம் பேசும்போது, 2018-ல் தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவித்ததைத் தேடிப் பார்த்தேன். மணிக்கு 37 முதல் 39 ரூபாய். எங்களுக்கு எட்டரையிலிருந்து ஆறரை வரை, மாதம் 26 நாள், அதாவது 260 மணி நேரம். 39-ஆல் பெருக்கினால் 10,140. நாங்கள் 15,000 கொடுத்தோம். தாராளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மணிக்குப் பிரித்தால் 57 ரூபாய் சொச்சம், ஒரு காபி விலை. அதற்கப்புறம் தீபாவளி போனஸைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பேசியதை ஒரு தாளில் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். வார விடுமுறை, லேட் ஆனால் கூடுதல் பணம், குழந்தை வேலை தவிர வேறு என்ன உண்டு (பாத்திரம் கிடையாது!), நிறுத்துவதானால் இரு பக்கமும் ஒரு மாத நோட்டீஸ். வாய்ப்பேச்சை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. வெள்ளைக்காரக் குடும்பங்கள் கப்பலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இங்கிருந்து ஆயாக்களை லண்டனுக்கு அழைத்துப் போய், அங்கே சேர்ந்ததும் சிலரைத் திரும்பிப் போகச் செலவுகூடக் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். அப்படி நின்றவர்களுக்காக ஹாக்னி பகுதியில் ஆயாக்கள் இல்லம் என்றே ஒன்று இருந்தது. அந்தக் கட்டடத்தில் 2022 ஜூனில் நீலப் பலகை வைத்தார்கள்.

சரி, வேலைக்கான சோதனைகள். போலீஸ் சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே வழி இருக்கிறது, செய்துவிடுங்கள். ஆனால் அது வழக்கு இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். முன்பு வேலை பார்த்த வீட்டுக்குப் போன் போட்டு "நல்லவங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். "குழந்தை கீழே விழுந்தப்போ என்ன செஞ்சாங்க?" என்று கேளுங்கள். விழுந்ததை மறைக்காமல் சொன்னாரா என்பது தெரிந்துவிடும், எனக்கு அதுதான் முக்கியம். முதல் மூன்று நாள் வீட்டில் ஒருவர் இருந்து, சம்பளத்தோடு, வேலையைப் பாருங்கள். ஒரு வயசுக்குள் தேன் நாக்கில் தடவக்கூடாது. தொண்டையில் ஏதாவது அடைத்தால் குப்புறப் பிடித்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பி மார்பில் ஐந்து அழுத்து, உடனே 108. இதை ஒரு பொம்மையை வைத்து நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து பழகினோம். அதில் நான்தான் சரியாகச் செய்யவில்லை. கேமரா வைத்தால் வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள், ஒளித்து வைக்காதீர்கள்.

ஒரு துணுக்கு: 'ஆயா' போர்த்துகீசியச் சொல். அதன் லத்தீன் மூலத்துக்குப் பாட்டி என்று பொருள். சென்னையிலும் பாட்டியைத்தான் ஆயா என்போம். எங்கள் பொண்ணு அவரை ஆயா என்று கூப்பிடவில்லை, சின்னதைப் பார்த்து 'ம்மா' என்றே கூப்பிட்டாள். மனைவிக்கு முதல் வாரம் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

கிட்டத்தட்ட மூன்று வருஷம் இருந்தார். பொண்ணு எல்.கே.ஜி. சேர்ந்ததும், ஒரு மாத நோட்டீஸ் நாங்கள்தான் கொடுத்தோம். இப்போது பக்கத்து பிளாக்கில் ஒரு வீட்டில் இருக்கிறார். போன வாரம் அந்த வீட்டம்மா எனக்குப் போன் செய்து, "குழந்தை விழுந்தப்போ என்ன செஞ்சாங்க சார்?" என்று கேட்டார்.