மோட்டார் வண்டியின் ஆக்ஸிஜன் சென்ஸார்

திண்டுக்கல்லினின்று திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தது எம் வடமதுரை. இவ்வழியே இரவும் பகலும் கார்கள் ஓடுகின்றன. வாடகைக் கார் ஒன்றையே நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இப்பக்கத்தில் உள. அக்காரின் முகப்பில் எஞ்சின் வடிவான மஞ்சள் விளக்கு எரியத் தொடங்குமாயின் உடையவர் உள்ளம் கலங்குகின்றது. பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்தி, அதில் ஆக்ஸிஜன் சென்ஸாரின் பெயர் கண்ட அளவிலேயே புதியது வாங்கி மாட்டுவோர் பலர். ஆயிரக்கணக்கில் பணம் செலவாகின்றது. சில நாளில் விளக்கோ மீண்டும் எரிகின்றது. இதன் காரணத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் இக்கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிதற்கு நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று மிகுமாயின் புகையில் ஆக்ஸிஜன் எஞ்சும். பெட்ரோல் மிகுமாயின் அஃது அருகும். சென்ஸாரின் நுனியில் பிளாட்டினம் பூசிய ஸிர்கோனியா என்னும் பீங்கான் உளது. அதன் உட்புறம் வெளிக்காற்றும், வெளிப்புறம் புகையும் படும். இரண்டிலுமுள்ள ஆக்ஸிஜனின் வேறுபாட்டிற்கேற்ப அதில் மின்னழுத்தம் தோன்றும். பெட்ரோல் மிக்கபோது ஏறத்தாழ 0.9 வோல்ட்டும், காற்று மிக்கபோது 0.1 வோல்ட்டும் காட்டும். அதனை நோக்கியே எஞ்சினின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடுகின்றது. ஏறத்தாழ 300 பாகை செல்ஸியஸ் வெப்பம் எய்திய பின்னரே இக்கருவி செவ்வனே தொழிற்படும். ஆதலின் அதனைச் சூடேற்ற உள்ளே ஒரு ஹீட்டரும் வைத்துள்ளனர்.

ஜெர்மனி நாட்டுப் பாஷ் கம்பெனியார் ஆக்கிய இக்கருவி 1976-ஆம் ஆண்டில் வோல்வோ காரில் முதன்முதல் இடம் பெற்றது. ஈயம் கலந்த பெட்ரோல் இதனைக் கெடுத்துவிடும். நம் நாடு முழுமையும் ஈயமற்ற பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியிலேதான் வந்தது.

இனி, இஃது இருக்குமிடம் கூறுவாம். எஞ்சினிலிருந்து சைலன்ஸர் வரை செல்லும் புகைக்குழாயைத் தொடர்ந்து நோக்குக. நச்சுப் புகையை மாற்றும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இடையில் காணப்படும். அதற்கு முன்னே ஒரு சென்ஸாரும், இக்காலக் கார்களில் பின்னே மற்றொன்றும் திருகப்பட்டிருக்கும். முன்னது பெட்ரோலின் அளவை ஆள்வது. பின்னது கன்வெர்ட்டரின் தொழிலைக் கண்காணிப்பது. குழாய் கொதிக்கும் சூடுடையது. எஞ்சின் ஆறிய பின்னரே கை வைத்தல் வேண்டும்.

சோதிக்கும் முறையும் அரிதன்று. முதலில் கம்பிகளை எலி கடித்துளதா, இணைப்பில் களிம்பேறியுளதா எனக் காண்க. எஞ்சின் ஆறியிருக்க, இணைப்பைக் கழற்றி, ஹீட்டருக்குரிய இரு கம்பிகளின் மின்தடையை மல்டிமீட்டரால் அளக்க. சில ஓம் காட்டின் நன்று. அளவே காட்டாவிடின் ஹீட்டர் அறுந்தது என்க. மின்தடை அளக்கும் நிலையில் மல்டிமீட்டரைச் சென்ஸாரின் குறிப்புக் கம்பியில் வைத்தல் ஆகாது. பின்னர் இணைப்பை மாட்டி, எஞ்சினை நன்கு சூடாக்கி, வோல்ட்டளவை ஸ்கேனரில் நோக்குக. முன் சென்ஸாரின் அளவு 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விரைந்து ஏறியிறங்கும். பின் சென்ஸாரின் அளவு பெரிதும் அசையாது நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடுமாயின், பழுது கன்வெர்ட்டரில் இருத்தல் கூடும். ஆக்ஸிலேட்டரைச் சட்டென மிதித்தால் முன் சென்ஸாரின் அளவு உயரவும், விட்டால் தாழவும் வேண்டும். சில புதிய கார்களில் உள்ள அகன்ற அளவுடைய சென்ஸார்களுக்கு இவ்வளவுகள் பொருந்தா. அவற்றிற்குக் கம்பெனியின் கையேடே துணை.

இவ்வாறு ஏறியிறங்கும் சென்ஸார், காற்று மிகுதி என்றே பெரும்பாலும் காட்டுமாயின் அதனைப் பழித்தல் முறையன்று. சென்ஸாருக்கு முன்னுள்ள குழாயில் சிறு வெடிப்பு இருப்பின் வெளிக்காற்று உட்புகும். பிளக் ஒன்று தீப்பொறி விடாவிடின் எரியாத ஆக்ஸிஜன் புகையிற் கலக்கும். இவ்விடங்களில் சென்ஸார் கண்டதையே உரைக்கின்றது. உண்மை உரைத்த சாட்சியைத் தண்டித்துக் குற்றவாளியை விட்டுவிடுகின்றோம். பழுது அவ்வாறே நிற்க, பெட்ரோல் வீணாகும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரையே சுட்டுக் கெடுக்கும். நச்சுப் புகை வழிநெடுக வாழ்வார் மூச்சிற் கலக்கும்.

மருந்து என்னும் அதிகாரத்தில், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழி காணுமாறு திருவள்ளுவர் கூறினார். மனிதர் உடலுக்கு உரைத்த அம்முறை மோட்டார் வண்டிக்கும் பொருந்துவதே. ஆதலின், வாடகைக் காரால் வாழ்வார், புதிய சென்ஸாருக்குப் பணம் எடுக்குமுன், பழையதைச் சோதித்துக் காட்டுமாறு பட்டறையாரைக் கேட்டல் வேண்டும் என்பதே எம் கருத்து.