இரண்டு குலுக்கல்கள்

'மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள், உளவியல் ஆய்வு சொல்கிறது' என்று ஒரு செய்தி வந்தால் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அந்த ஆய்வுக்கு ஆட்களை எப்படிப் பிடித்தார்கள்? பிடித்தவர்களை எப்படிக் குழுக்களாகப் பிரித்தார்கள்? இரண்டிலுமே குலுக்கல் முறை உண்டு. ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. கல்லூரி மாணவர்கள்கூட அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இடம் இது.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவோம். ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இருவர் 1968-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, இன்டர்காம் வழியாகப் பேசச் சொன்னார்கள். நடுவில் ஒரு குரலுக்கு வலிப்பு வருகிறது. அது ஒலிப்பதிவு, மாணவர்களுக்குத் தெரியாது. அந்தக் குரலைக் கேட்பது தான் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு அடங்குவதற்குள் தகவல் சொல்ல ஓடினார்கள். இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான். இது ஆய்வகச் சோதனை. யார் எந்தக் குழுவில் இருப்பது என்பது மாணவரின் குணத்தைப் பார்த்து முடிவானதல்ல. ஆகவே இரு குழுக்களுக்கும் இருந்த வித்தியாசம் 'இன்னும் எத்தனை பேர்' என்ற எண்ணம் ஒன்றே. அதுதான் காரணம் என்று துணிந்து சொல்லலாம். குழுக்களைக் குலுக்கிப் பிரிப்பதன் பயன் இதுதான். ஆண்-பெண், இளையவர்-முதியவர் என்று ஒப்பிடும் ஆய்வுகளில் இந்தத் துணிவுக்கு இடமில்லை. வயதையோ பாலினத்தையோ குலுக்கிக் கொடுக்க முடியாதே.

ஆய்வகத்தில் கண்டது தெருவிலும் நடக்குமா? 1969-இல் பிலியாவின் என்பவரின் குழுவினர் நியூயார்க் சுரங்க ரயிலில் ஒருவரைக் கீழே விழவைத்துப் பார்த்தார்கள். அவர் கைத்தடியோடு விழுந்த 65 தடவையில் 62 தடவை பயணிகள் தாமாகவே உதவினார்கள். சாராய வாடையோடு விழுந்த 38 தடவையில் 19. இது களச் சோதனை. கூட்டம் கூடினால் உதவி குறையும் என்ற ஆய்வக முடிவு இங்கே தென்படவில்லை. அறைகளில் இருந்த மாணவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ரயிலில் விழுந்தவர் எல்லார் கண்முன்னும் கிடந்தார். இரண்டுமே உண்மை, அவற்றின் சூழலுக்குள். ஆனால் அந்தப் பயணிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. களச் சோதனையின் இந்தக் குறையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது வகை இயற்கைச் சோதனை. ஆய்வாளர் எதையும் மாற்றுவதில்லை, உலகமே மாற்றிவிடுகிறது. நம் நாட்டிலேயே அருமையான சான்று உண்டு. மேற்கு வங்கத்தில் பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, எந்த ஊருக்கு ஒதுக்கீடு என்பது ஊரின் தன்மையைப் பொறுத்து அமையவில்லை. பீர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களை லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ முதலியோர் ஆராய்ந்து 2012-இல் எழுதினார்கள். இரண்டு முறை பெண் தலைவர் வந்த ஊர்களில், மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் வைத்திருந்த கனவுகளின் இடைவெளி சுருங்கியிருந்தது. பிள்ளைகளின் சொந்தக் கனவுகளில் அந்த இடைவெளி 32 சதவீதம் சுருங்கியிருந்தது. எந்த ஆய்வகமும் இதைச் செய்துகாட்டியிருக்க முடியாது.

இனி முதல் கேள்வி. நியூயார்க் மாணவர்கள் உளவியல் பாடத்தின் ஒரு பகுதியாக வந்தவர்கள். கைக்கெட்டியவர்களைச் சேர்ப்பது வசதி மாதிரி. விளம்பரம் பார்த்துத் தாமே வருபவர்கள் தன்னார்வ மாதிரி. ஒரு மக்கள் தொகையில் ஒவ்வொருவருக்கும் தேர்வாகச் சம வாய்ப்பு இருந்தால்தான் சமவாய்ப்பு மாதிரி. இப்படிக் குலுக்கி எடுத்த மாதிரியிலிருந்துதான் அந்த மக்கள் அனைவரையும் பற்றிப் பேசலாம். ஊர், சாதி, வருமானம் எனப் பிரித்து ஒவ்வொன்றிலும் குலுக்கி எடுத்தால் அடுக்கு மாதிரி.

உளவியலில் பெரும்பாலும் கிடைப்பது வசதி மாதிரிதான். அமெரிக்க உளவியல் சங்கத்தின் முன்னணி இதழ்கள் சிலவற்றை ஜெஃப்ரி ஆர்னெட் 2008-இல் அலசினார். ஆய்வில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர் மேலைத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள். உலக மக்கள் தொகையில் அந்நாடுகளின் பங்கோ 12 சதவீதம்.

இனிப்பைத் தின்னாமல் காத்திருந்த குழந்தை பின்னாளில் சிறக்கும் என்ற புகழ்பெற்ற முடிவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தின் மழலையர் பள்ளியில் பிறந்தது. 2018-இல் டைலர் வாட்ஸும் கூட்டாளிகளும் 900-க்கும் மேற்பட்ட, பலதரப்பட்ட குடும்பங்களின் குழந்தைகளிடம் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்ததும் மேலும் பெரிதாகச் சுருங்கியது. அந்தப் பழைய முடிவை நம்பிப் பிள்ளைகளின் மன உறுதியை அளந்த பெற்றோர் எத்தனை பேர்!

உளவியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப் குழுவில் கேள்வித்தாளை அனுப்பி நூறு நண்பர்களிடம் பதில் வாங்குவதில் தவறில்லை. ஆனால் ஆய்வேட்டின் தலைப்பில் 'தமிழக இளைஞர்கள்' என்று போடாதீர்கள். பதில் சொன்னவர்கள் யாரோ, அவர்களையே எழுதுங்கள்.