பூ மேலே, காய் கீழே

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நான்காம் வகுப்புப் படிக்கும் அவர் மகளுக்கு மொட்டைமாடியில் செடி வளர்க்கும் பைத்தியம். மளிகைச் சாமானோடு வந்த பச்சைக் கடலையில் ஒரு பிடி எடுத்துப் பழைய பெயின்ட் வாளியில் ஊன்றிவிட்டாள். செடி தளதளவென்று வந்தது. மஞ்சள் பூக்கள் பூத்தன, வாடின. காயை மட்டும் காணோம். தக்காளி நாற்றுக்கு வாளி வேண்டுமே என்று அம்மா செடியைப் பிடுங்கினால், கொத்தாகக் கடலை! ‘வேரில் எப்படி அம்மா காய்க்கும்?’ என்று கேட்டிருக்கிறாள் மகள். அம்மா அந்தக் கேள்வியை எனக்குத் தள்ளிவிட்டார்.

வேரில் காய்க்கவில்லை. பூவில்தான் காய்த்தது. நிலக்கடலையின் விசேஷமே அதுதான்.

விடியற்காலையில் மலரும் இந்தப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுற்று அன்றைக்கே வாடிவிடும். கதை முடிந்தது என்று நாம் நினைப்போம். ஆனால் ஒரு வாரம்போல் கழித்து, பூ இருந்த கணுவில் ஊசிமுனைபோல ஒன்று தலைகாட்டும். கடலை போடுகிறவர்கள் இதை விழுது என்பார்கள். பார்வைக்கு வேர் மாதிரி இருந்தாலும் இது வேரல்ல, சூலகத்தைச் சுமந்துபோகும் காம்பு. கருவுற்ற சூல்கள் அதன் நுனிக்குள் இருக்கின்றன. காம்பு நீண்டு, புவியீர்ப்புக்கு இணங்கித் தரையை நோக்கி வளைந்து, மண்ணைத் துளைத்துச் சில சென்டிமீட்டர் இறங்கும். இறங்கியபின் நுனி படுக்கைவாக்கில் திரும்பும். அப்புறம்தான் பருக்க ஆரம்பிக்கும்.

அதுவரை உள்ளே இருக்கும் கரு வளராமல் நிற்கிறது. வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை அது அசையாது. இருட்டும் ஈரமும் மண்ணின் அணைப்பும் கிடைத்தால்தான் வளர்ச்சி மறுபடி தொடங்கும். செடியின் உச்சிப் பக்கம் பூத்த பூக்களின் விழுதுகள் பல, மண்ணை எட்ட முடியாமல் அந்தரத்திலேயே காய்ந்துபோகின்றன. கடலைக்கு மண் அணைப்பது இதற்காகத்தான். விழுது இறங்கிய பிறகு கொத்தக் கூடாது என்று பெரியவர்கள் அதட்டுவதும் இதற்காகத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த விநோதம் இதற்கும் அடுத்தது. காய் வளரச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் வேண்டும். வேர் உறிஞ்சும் கால்சியம் தண்ணீரோடு மேலே ஏறும். தண்ணீர் ஆவியாகிற இடம் இலை என்பதால், அதுவும் இலைக்கே போய்ச் சேரும். எங்கள் ஊருக்கு நைட் ஹால்ட் பஸ் ஒன்று வரும். கடைசி நிறுத்தத்துக்கு வந்துவிட்டால் அன்று திரும்பாது. கால்சியத்துக்கு எந்த நாளும் நைட் ஹால்ட்தான்: இலைக்குப் போனது கீழே இறங்கிக் காய்க்கு வருவதில்லை. மண்ணுக்குள் கிடக்கும் காயோ நீரை ஆவியாக்குவதில்லை, அதனால் மேலே ஏறும் தண்ணீரிலும் அதற்குப் பங்கில்லை. ஆகவே சுற்றியுள்ள மண்ணிலிருந்து தன் தோலாலேயே நேரடியாகக் கால்சியத்தை உறிஞ்சிக்கொள்கிறது. சோறு தாய்ச்செடி போடுகிறது, சுண்ணாம்பைப் பிள்ளை தானே தேடிக்கொள்கிறது.

மேல்மண்ணில் கால்சியம் இல்லாவிட்டால் ஓடு இருக்கும், பருப்பு இருக்காது. பொக்கு. விதைத்த 40, 45 நாளில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள் வேளாண் துறையினர். யூரியாவுக்குக் கடன் வாங்குகிறவர்கள்கூட, ஜிப்சத்தை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

தென் அமெரிக்காவில் பிறந்த பயிர் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. அந்தக் கடலைக் காடுகள் தாம்பரத்திலிருந்து சில மணி நேரப் பயணம்தான். இருந்தும் நம் பிள்ளைகள் கடலையைப் பொட்டலத்தில்தான் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஈரப் பஞ்சில் பயறு முளைக்கவைக்கிறார்கள். முளை விட்டதும் மதிப்பெண், மறுநாள் குப்பைத்தொட்டி. பூத்துக் காய்க்கும்வரை காத்திருக்கப் பாடத்திட்டத்தில் இடமில்லை. அந்தப் பெண்ணின் வாளி பாடத்திட்டத்தைவிடப் பல வாரம் பொறுத்திருக்கிறது. அம்மா இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

ஏனென்றால் பாதிக் காய் பிஞ்சாக இருந்ததாம். முற்றியதை அறிய ஒரு காயை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் பிஞ்சு, கருத்திருந்தால் அறுவடைக்குத் தயார். பிஞ்சை உப்புப் போட்டு அவித்துத் தின்றுவிடலாம். முற்றியதை நன்றாகக் காயவைத்துத்தான் எடுத்துவைக்க வேண்டும். ஈரக் கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்குத் தீவனம் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சம்வரை செத்துப்போன பிறகுதான் அந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். பூசணம் பிடித்த கடலையை வறுத்தாலும் அது முழுசாகப் போகாது, தூக்கி எறிந்துவிடுங்கள்.

அடுத்த முறை வாயகன்ற தொட்டி, பொலபொலப்பான மண், சிவப்புத் தோல் உரியாத பச்சைக் கடலை. பூ உதிர்ந்ததும் தண்டைச் சுற்றி மண்ணைக் கூட்டி, ஒரு கைப்பிடி ஜிப்சம் கலந்துவிடச் சொல்லுங்கள். தக்காளி நாற்றை அந்தப் பழைய வாளியிலேயே நடலாம். கடலை வேர் முடிச்சுகளிலுள்ள பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்த தழைச்சத்தில் கொஞ்சம் அந்த மண்ணில் இருக்கும்.