ரொசெட்டாவுக்குக் கெடு: சிப்புக்குள் ஒளிந்திருக்கும் சுவிட்ச்

கோடம்பாக்கத்திலிருந்து ஓர் ஒலிப்பதிவாளர் எழுதியிருக்கிறார்: "நான் தினமும் பயன்படுத்தும் பிளக்இன்னை எழுதிய கம்பெனியே இப்போது இல்லை. ரொசெட்டா போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது?" சிவகாசி அச்சகத்துக்காரர் ஒருவரின் கடிதம் இன்னும் சுருக்கம்: "மேக் செத்துவிடுமா?"

சாகாது. கடிதங்களில் பாதிக்கு மேல், இரண்டு கெடுக்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டவை. 2025 ஜூனில் ஆப்பிள் இரண்டு முடிவுகளைச் சொன்னது. இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26தான் கடைசிப் பதிப்பு என்பது ஒன்று. எம்1 முதலான ஆப்பிளின் சொந்தச் சிப் மேக்குகளில் பழைய இன்டெல் ஆப்களை ஓட்டித்தரும் ரொசெட்டா 2, மேக்ஓஎஸ் 27 வரைதான் முழுசாக இருக்கும் என்பது மற்றது. இன்டெல் மேக்கில் ரொசெட்டா 2 கிடையாது. அந்த மேக்காரர்களுக்கு இரண்டாவது கெடுவால் ஒன்றும் ஆகப்போவதில்லை. 26 வந்தது 2025 செப்டம்பரில். ஆண்டுக்கு ஒன்று என்ற வழக்கம் பிசகாமல் போனால், 2027இல் வரும் 28ஆம் பதிப்போடு ரொசெட்டாவின் கதை முடியும்.

ரொசெட்டா என்றால் என்ன? ஆப்பிளைக் கேட்டால் "மொழிபெயர்ப்பு" என்று சொல்லும். 'எமுலேட்டர்' என்ற சொல்லை அது உச்சரிப்பதில்லை. எமுலேட்டர் என்றாலே ஆமை வேகம் என்று ஊருக்கே தெரியும் அல்லவா! என் விளக்கம் வேறு. சிப்பை மாற்றுவதென்று 2020இல் ஆப்பிள் அறிவித்த முடிவின் செலவை, ஆப் எழுதுபவர் தலையிலும் வாங்கியவர் தலையிலும் ஒரே நாளில் இறக்காமல், தவணை முறையில் இறக்கும் ஏற்பாடு அது. இப்போது கடைசித் தவணைக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது.

அது ஆமை வேகத்தில் ஓடாததற்கு ஒரு காரணம் பலருக்குத் தெரியும். இன்டெல் ஆப்பை முதல்முறை திறக்கும்போது ஐகான் கீழே நெடுநேரம் குதித்துக்கொண்டே இருக்குமே, அந்த நேரத்தில் ரொசெட்டா ஆப் முழுவதையும் பெயர்த்து டிஸ்க்கில் சேமித்துவிடுகிறது. அடுத்த முறை பெயர்ப்பு வேலை மிச்சம். ஓட ஓடத்தான் பிறக்கும் நிரல் என்றால், அதை மட்டும் அவ்வப்போது பெயர்த்துக்கொள்ளும்.

ஆனால் என்னை வியக்கவைத்ததும் கொஞ்சம் உறுத்துவதும் வேறொன்று.

கல்யாணப் பந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இலையில் சோறு வைக்கிறார். பிறகு வாசலில் நிற்பவருக்குக் கையசைக்கிறார். கையசைவைப் பார்த்ததும் அவர் ஆளை உள்ளே அனுப்புகிறார். சோறு, பிறகு சைகை. இந்த வரிசை தப்பினால் விருந்தாளி வெறும் இலை முன் உட்கார வேண்டியதுதான். சிப்பின் இரண்டு கோர்களுக்கு இடையிலும் இதேதான் நடக்கிறது. ஒரு கோர் மெமரியில் தகவலை எழுதும். பிறகு "தயார்" என்று இன்னோர் இடத்தில் 1 போடும். மற்ற கோர் அந்த 1ஐப் பார்த்ததும் தகவலை எடுக்கப் போகும்.

இன்டெல் சிப்பில், ஒரு கோர் எந்த வரிசையில் எழுதியதோ அதே வரிசையில்தான் மற்ற கோர்களுக்கும் தெரியும். எம்1 சேர்ந்த ஆர்ம் வகைச் சிப்பில் அந்த உத்தரவாதம் இல்லை. வேகத்துக்காக அது எழுதியவற்றை முன்பின்னாக வெளியே காட்டலாம். சைகை முதலில் தெரிந்து, சோறு பின்னால் வரலாம். ஆர்முக்கென்றே எழுதியவர்களுக்கு இது தெரியும், வேண்டிய இடத்தில் மட்டும் 'பொறு' என்று ஒரு கட்டளை வைப்பார்கள். இன்டெல்லுக்காக எழுதியவர் அதை ஏன் வைக்கப்போகிறார்? ஆப்பை வரிக்கு வரி சரியாகப் பெயர்த்தாலும் அது ஆயிரத்தில் ஒருமுறை, லட்சத்தில் ஒருமுறை காரணமே தெரியாமல் தவறும். தவிர்க்க வேண்டுமானால் மெமரியைத் தொடும் இடங்களில் எல்லாம் 'பொறு' போட வேண்டும். அப்போது ஆமையேதான்.

ஆப்பிள் செய்தது என்ன தெரியுமா? மென்பொருளில் தீராத பிரச்சினையைச் சிப்பில் தீர்த்தது. எம்1இலேயே ஒரு சுவிட்ச் வைத்தது. அதைப் போட்டால் அந்தக் கோர் இன்டெல்லின் வரிசை ஒழுங்குக்கு மாறிவிடும். ரொசெட்டாவில் ஓடும் ஆப்புக்கு முறை வரும்போது இயங்குதளம் சுவிட்சைப் போடும். சாதாரண ஆப்புக்கு முறை வந்தால் அணைக்கும். சுவிட்ச் போட்ட நிலையில் எம்1 சராசரியாகச் சுமார் 9 விழுக்காடு மெதுவாகிறது என்று ஜெர்மனியின் ஹனோவர் பல்கலைக்கழகத்தில் அளந்திருக்கிறார்கள். நம் ஆப் ஓடுவதற்கு அந்த விலை கொடுக்கலாம்.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. ஆர்ம் விண்டோஸில் ஒரு பழைய ஆப்பின் எமுலேஷன் அமைப்புகளைத் திறந்தால், பல கோர்களை எவ்வளவு கண்டிப்பாக நடத்துவது என்று அது உங்களையே கேட்கும்: வேகம், கண்டிப்பு, மிகக் கண்டிப்பு, ஒரே கோர். இது மெமரி வரிசைப் பிரச்சினையேதான். தீர்வை வாடிக்கையாளர் கையில் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே.

இனி உறுத்தலுக்கு வருவோம். ரொசெட்டா மென்பொருள் மட்டும்தான் என்றால், ஆப்பிள் கைவிட்டாலும் வேறு யாராவது ஒன்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதன் உயிரில் பாதி சிலிக்கானில் இருக்கிறது. மேக்ஓஎஸ்ஸில் அந்தச் சுவிட்சின் சாவி ஆப்பிள் கையில். முடியாத காரியமும் அல்ல: அதே மேக்குகளில் லினக்ஸை ஓட்டும் அசாஹி குழுவினர், தங்கள் கெர்னலிலிருந்து அதே சுவிட்சைப் போட்டு இன்டெல் விளையாட்டுகளை ஓட்டுகிறார்கள். ஆகவே கெடுவைத் தொழில்நுட்பத்தின் வயது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது வியாபார முடிவு.

டெவலப்பர்கள் மாறிக்கொள்ளத்தான் அவகாசம் என்கிறது ஆப்பிள். கம்பெனியே இல்லாதபோது யார் மாறுவது? இந்தக் கேள்வி ஆப்பிளுக்கும் தெரிந்திருக்கிறது: பராமரிப்பாரற்ற பழைய விளையாட்டுகளுக்காக 27க்குப் பிறகும் ரொசெட்டாவில் ஒரு பகுதியை வைத்திருப்போம் என்று அதே அறிவிப்பில் சொல்கிறது. விளையாட்டுக்கு ஒரு நியாயம், கோடம்பாக்கத்துப் பிளக்இன்னுக்கு ஒரு நியாயம்.

இனிச் சில சின்னக் கேள்விகள். இப்படி முன்பும் நடந்ததா? நடந்தது: 2006இல் வந்த முதல் ரொசெட்டா பவர்பிசி ஆப்களை இன்டெல் மேக்கில் ஓட்டியது, 2011இல் லயன் பதிப்போடு போனது.

என் ஆப் இன்டெல்லா என்று எப்படிப் பார்ப்பது? ஃபைண்டரில் ஆப்பைத் தேர்ந்து கமாண்ட்-ஐ அழுத்துங்கள். 'கைண்ட்' வரியில் 'இன்டெல்' என்று மட்டும் இருந்தால் மாட்டிக்கொண்டீர்கள், 'யுனிவர்சல்' என்றால் கவலையில்லை.

பிளக்இன்கள் அதில் தெரியுமா? தெரியாது, ஒவ்வொன்றாகத் தயாரிப்பாளரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மேக்கில் பேரலல்ஸ் மென்பொருளுக்குள் ஓடும் விண்டோஸ்? அதற்குள் மைக்ரோசாஃப்டின் சொந்த எமுலேட்டர் இருக்கிறது, ரொசெட்டாவோடு தொடர்பில்லை.

கியூஇஎம்யூ எமுலேட்டர் போதாதா? இன்டெல் கணினியையே முழுதாகப் போலச் செய்யும், ஆனால் பொறுமை வேண்டும்.

28க்கு மாறாமல் இருந்துவிட்டால்? ஓடும், ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது ஒருநாள் நிற்கும்.

ஒலிப்பதிவாளர் என்ன செய்யலாம்? பழைய பாட்டுகளின் டிராக்குகளை அந்தப் பிளக்இன்னோடு சேர்த்து ஆடியோவாக இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒரு மேக்கை 27லேயே நிறுத்தி, நெட்டிலிருந்து கழற்றி, மூலையில் வைக்கலாம்.