கைபேசியில் கை ஏன் தயங்குகிறது?



பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் இன்றைக்குப் பல வீடுகளில் தொடுதிரைக் கைபேசி இருக்கிறது. பேரன் அதில் படம் பார்க்கிறான். ஆனால் அதே போனில் மழை நிலவரமும் பருத்தி விலையும் பார்க்கலாமே என்றால், "அதெல்லாம் நமக்கு எதுக்குங்க" என்று ஒதுங்கி விடுகிறோம். படிப்புக் குறைவுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தயக்கம் மனசில் இருக்கிறது. அதில் பாதி நியாயமானதும்கூட.

நம்ம மக்காச்சோளத்தை வைத்தே சொல்கிறேன். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து விவசாயிகள் வீரிய ஒட்டு மக்காச்சோள விதையை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று ரையன், கிராஸ் என்ற இருவர் விசாரித்து 1943-இல் எழுதினார்கள். சேதியை முதலில் கொண்டு வந்தவர் பெரும்பாலும் விதை விற்கிறவர். வாங்கிப் போட வைத்ததோ பக்கத்துக் காட்டுக்காரர் பேச்சு. முதலில் துணிந்தவர்கள்கூட ஒரு மூலையில் போட்டுப் பார்த்துத்தான் பரப்பைக் கூட்டினார்கள். நாமும் புது ரகத்தை அப்படித்தானே சோதிக்கிறோம்? 1960-களில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வந்தது. வானொலியிலாவது ஒரு மனுஷர் குரல் கேட்டது. செயலிக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. சட்டென்று எப்படி நம்புவது?

அடுத்தது, இதனால் என்ன பிரயோஜனம் என்ற கேள்வி. தமிழக அரசின் 'உழவன்' செயலி 2018 ஏப்ரலில் வந்தது. மானியம், உர இருப்பு, சந்தை விலை எல்லாம் தமிழிலேயே பார்க்கலாம். அதே வருஷம்தான் படைப்புழு நம்ம மக்காச்சோளக் குருத்துக்குள் புகுந்து சூறையாடியது. அந்தப் புழுவின் தலையில் தலைகீழாகப் பிடித்த கவட்டை மாதிரி வெளிர் கோடு இருக்கும். வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. அதைக் கிட்டத்தில் படம் பிடித்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்பிவிட்டால், கடைக்காரர் கொடுத்ததை அடிப்பதற்கு முன்னாலேயே எந்தப் புழு என்று தெரிந்துவிடும். ஒரு தரம் மருந்துச் செலவு மிஞ்சட்டும், மனசு தானாக இளகும்.

வெட்கமும் ஒரு காரணம். அறுபது வயசுக்காரர் பேரன் முன்னால் தடுமாற விரும்புவதில்லை. எதையாவது அமுக்கிப் போன் கெட்டுவிடுமோ என்ற பயம் வேறு. தப்பாக ஒரு இடத்தைத் தொட்டால் பின்னால் வந்துவிடலாம், கெட்டுப்போகாது. எழுத வராதவர்கள் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினாலே தேடிக் கொடுக்கும். பெண்கள் விஷயம் வேறு. களையெடுப்பும் முந்திரி பொறுக்குவதும் அவர்கள் கையில். போன் மட்டும் வீட்டுக்காரர் சட்டைப் பையில். தகவல் போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போவதில்லை.

ஆனால் பணம் போய்விடுமோ என்ற பயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது வேண்டிய பயம். பி.எம். கிசான் பேரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் போலிச் செயலி அனுப்புகிறார்கள். அப்படி வந்ததைத் தொடவே வேண்டாம். போனுக்கு வரும் ரகசிய எண்ணை, ஓ.டி.பி. என்கிறார்களே, அதை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டது தெரிந்தால் உடனே 1930-க்குப் பேசுங்கள். நேரம் கடந்தால் மீட்பது கஷ்டம்.

எப்படி ஆரம்பிப்பது? மூலையில் விதை போடுகிற மாதிரிதான். இந்தப் பட்டத்துக்கு வானிலை மட்டும் பாருங்கள். 2019-இல் வந்த 'மேகதூத்' செயலியில் செவ்வாயும் வெள்ளியும் புது அறிவிப்பு போடுகிறார்கள். அது சொன்னதையும் உங்கள் காட்டில் பெய்ததையும் காலண்டரில் குறித்து வாருங்கள். எத்தனை தரம் பலிக்கிறது என்று நீங்களே கணக்குப் பார்த்து, அப்புறம் விலை, மானியம் பக்கம் போகலாம்.

செயலியே வேண்டாம் என்பவர்கள் சாதாரண போனிலிருந்து 1800 180 1551-க்குக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பதில் கிடைக்கும். நேரில் கேட்பதானால் பெரம்பலூர்காரர்களுக்கு வாலிகண்டபுரத்திலும், அரியலூர்காரர்களுக்குச் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. போகும்போது போனையும் கையோடு எடுத்துப் போங்கள்.