பேரனுக்கு என்ன பெயர்?

மும்பையில் நம்மவர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால், இனிப்பு வழங்குவதற்கு முன்பே பெயர்ச் சண்டை தொடங்கிவிடுகிறது. ஊரில் இருக்கும் தாத்தா-பாட்டிக்கு ஒரு பெயர். இங்கே இருக்கும் தாய்-தகப்பனுக்கு வேறு பெயர். இவர்களுக்கு நடுவே ஜோசியர் சொன்ன எழுத்து ஒன்று.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் பழைய வழக்கம். பெயரைத் தாங்குகிறவன் ‘பெயரன்’. அதுதான் ‘பேரன்’ ஆயிற்று. தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் அதிகம். சுடலைமுத்து, இசக்கிமுத்து, மாடசாமி என்று குலதெய்வத்தின் பெயர், ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அவர்கள் வீட்டில் வந்துகொண்டே இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அதனால் அதே பெயர் உள்ள பிள்ளையை, ‘அய்யா’ என்றோ ‘ராசா’ என்றோதான் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயரைச் சொல்லிக் கூப்பிட, பையன் யாரையோ கூப்பிடுகிறார் என்று சும்மா உட்கார்ந்திருந்த கதைகளும் உண்டு!

‘தண்டா பானி’

ஊரில் இதெல்லாம் சரி. இங்கே பையன் இந்தியிலும் மராட்டியிலும் அல்லவா வளர வேண்டும்?

தண்டபாணி என்று வைத்தால், ‘தண்டா பானி’ என்று குளிர்ந்த தண்ணீர் ஆக்கிவிடுகிறார்கள். முருகனை ‘முர்கா’ என்கிறார்கள். முர்கா என்றால் சேவல். ‘முருகன் கொடியிலேயே சேவல்தானடா இருக்கிறது’ என்று பெரியவர்கள் சமாதானம் சொல்லலாம். எட்டு வயதுப் பையனிடம் அது எடுபடுமா? பாண்டியன் ‘பாண்டியா’ ஆகி, ஒரே நாளில் குஜராத்தி ஆகிவிடுகிறான்!

மாறன் அருமையான தமிழ்ப் பெயர். ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதினால், இங்கே உள்ளவர்கள் அதை ‘மரண்’ என்றும் படிக்கலாம். அதற்கு அர்த்தம் சாவு. பெற்றவள் காதில் அது விழலாமா?

ழகரம் இன்னொரு தொல்லை. ‘எழில்’ என்பதை ஆங்கிலத்தில் நம் வழக்கப்படி எழுதிக் கொடுத்தால் ‘எஜில்’ என்கிறார்கள். மராட்டியில் ‘ள’ உண்டு. திலகரையே அவர்கள் ‘டிளக்’ என்றுதான் எழுதுகிறார்கள். ஆகவே ‘எளில்’ வரையாவது அவர்கள் வந்துவிடுவார்கள். இந்தியில் அந்த வசதியும் இல்லை.

ரெயில்வே குமாஸ்தாவாக நான் ஒன்று சொல்லியாக வேண்டும். டிக்கெட் முன்பதிவுப் படிவத்தில் பெயருக்கு ஒதுக்கிய இடம் 15 ஆங்கில எழுத்து. பாலசுப்ரமணியம் என்பதைச் சிக்கனமாக எழுதினால் சரியாக 15. இனிஷியலுக்கு இடமில்லை. மீனாட்சிசுந்தரம் 17. அவர் பாதி சுந்தரத்தோடுதான் ஊர் போய்ச் சேர வேண்டும்!

அப்படியானால் தமிழ்ப் பெயரையே விட்டுவிடலாமா? கூடாது என்பதே என் கட்சி. கேலி செய்யும் பிள்ளைகள் கொஞ்ச நாளில் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். காகிதத்தில் ஏறிய கோளாறுதான் ஆயுசுக்கும் கூடவே வரும்.

சர்நேம் என்ன?

நமக்கு ஒரு பெயர், ஒரு இனிஷியல். கணக்கு முடிந்தது. மராட்டியத்தில் அப்படி இல்லை. சொந்தப் பெயர், தகப்பனார் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று வேண்டும். 2024 மே 1-ந் தேதி முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிப் பதிவேடு, தேர்வுச் சான்றிதழ் போன்ற அரசு ஆவணங்களில் தாயார் பெயரும் நடுவே வர வேண்டும் என்று மாநில அரசு கட்டாயமாக்கி இருக்கிறது. ஆக நான்கு!

சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் நடந்தேறியது. இங்கே வந்தபின், படிவத்தில் கட்டம் காலியாக இருக்கிறதே என்று அந்தப் பட்டத்தையே சர்நேம் ஆக்கிக்கொண்டவர்கள் ஏராளம். மற்றவர்கள் அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டார்கள். அதனால் தகப்பனுக்கு ஒரு சர்நேம், மகனுக்கு வேறு சர்நேம். ‘இவன் உங்கள் சொந்த மகன்தானா?’ என்று கேட்கும் அளவுக்குப் போய்விடுகிறது.

என் நண்பர் ஒருவர் வீட்டில் போன வருஷம் இதே தகராறு. பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். அவர் முருகன், மனைவி செல்வி, காலமான தகப்பனார் சுடலைமுத்து. ஊரில் இருந்து தாயார் போனில், “எய்யா, உங்க அப்பா பேரை விட்டுராதீங்கய்யா” என்று அழுதார். செல்வியோ, “அத்தே, பிள்ளை பள்ளிக்கூடத்துல படுற பாட்டை நீங்களா வந்து பாக்கப் போறீங்க?” என்று கேட்டுவிட்டார். இரண்டு வாரம் இருவரும் பேசவில்லை.

வழி, அந்த நாலு கட்டத்திலேயே இருந்தது. நண்பரின் சர்நேமே அவர் அப்பா பெயர்தானே? பையனுக்குக் கபிலன் என்று பெயர் வைத்தார்கள். தமிழுக்குக் கபிலன், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கபில். முழுப் பெயர்: கபிலன் செல்வி முருகன் சுடலைமுத்து. தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே சர்நேம். நான்காவது இடமானாலும் தாத்தா பெயர் ஏறிவிட்டது. கிழவிக்குப் பாதி திருப்திதான். “கூப்பிடுற பேரா இல்லையே” என்றாராம். இத்தனைக்கும் புருஷன் பெயரை அவர் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை!

21 நாள்

மராட்டியர் 12-ம் நாளே ‘பார்சே’ என்று விழா எடுத்து, அத்தையைக் கொண்டு குழந்தையின் காதில் பெயர் சொல்லச் செய்கிறார்கள். நம்மவர்கள் குலதெய்வக் கோவிலில் வைத்துச் சூட்டலாம் என்று ஊர்ப் பயணம் வரை தள்ளிப்போடுகிறார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டே பதியலாம். அவசரத்தில் ஏதோ ஒன்றை எழுதிக் கொடுப்பதைவிட அது மேல். பதிந்த நாளில் இருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை இடம் உண்டு. தாராவிக்காரர்களுக்கு இது தாதரில் உள்ள ஜி நார்த் வார்டு ஆபீஸ் சமாசாரம்.

2023 அக்டோபர் 1-ந் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், டிரைவிங் லைசென்ஸ், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடத்துக்குச் சாட்சி பிறப்புச் சான்றிதழ்தான். நாளைக்கு வளைகுடா வேலை என்றாலும் பெயர் குறுக்கே வரும். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் விசிட் விசாவில் அனுமதி மறுத்தது நினைவிருக்கும். தந்தை பெயர் வேறு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள்.

ஆகையால் வார்டு ஆபீசுக்குப் போகும் முன், பெயரைத் தமிழிலும் மராட்டியிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி, தாய்-தகப்பன் ஆதார் அட்டையில் உள்ள எழுத்தோடு ஒத்துப்பாருங்கள். குமாஸ்தா செய்த எழுத்துப் பிழையை அங்கேயே மனுக் கொடுத்துத் திருத்தலாம். மனசு மாறி வேறு பெயர் வேண்டும் என்றால், மாநில அரசு கெஜட்டில் விளம்பரம் கொடுக்க வேண்டியிருக்கும்.